குலுக்கலைச் சோதித்துப் பார்க்கும் உரிமை வேண்டும்: எலவனாசூர்கோட்டை மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறைக்கும், கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டைப் பொதுமக்கள் முன்வைப்பது:

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை எடுக்கும் முறையை ஒன்றுவிடாமல் சொல்கிறது. குடத்தை ஊரார் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்குபவர் யோக்கியர் என்று நம்பி விட்டுவிடவில்லை. ஓலையை ஒளிக்க இடமே இல்லாமல் செய்தார்கள்.

இன்று எந்த வாக்குப்பதிவு இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்கிறது. கட்சிக்காரர்கள் எதிரே உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள். எண் பிறக்கும் இடத்தைப் பார்க்க வழியில்லை. இங்கே தவறு நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. நடக்கவில்லை என்பதற்குச் சான்று கேட்கிறோம். அமெரிக்காவில் லாட்டரி எண்களை உருவாக்கும் மென்பொருளில் சூது வைத்த எட்டி டிப்டன், அந்த மென்பொருளைத் தந்த லாட்டரிச் சங்கத்தின் தகவல் பாதுகாப்புப் பொறுப்பிலேயே இருந்தவர். 2017-இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

கருவியை நம்பாமலே எண்ணை நம்ப இயற்பியலில் வழி இருக்கிறது. தமக்குள் பேசிக்கொள்ள முடியாதபடி விலக்கி வைத்த இரண்டு பெட்டிகளிடம், முன்கூட்டித் தெரியாத கேள்விகளைக் கேட்க வேண்டும்; இரு விடைகளும் விதித்தபடி பொருந்தினால் வெற்றி. விடைகளை முன்பே எழுதி வைத்திருக்கும் பெட்டிகள் இந்த ஆட்டத்தில் சராசரியாக நூற்றுக்கு 75-க்கு மேல் வெல்ல முடியாது. பிணைந்த ஒளித்துகள்களை வைத்திருக்கும் பெட்டிகள் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 85 வரை போகும். பல சுற்றுகளின் சராசரி 75-ஐத் தெளிவாகத் தாண்டிவிட்டால், விடைகள் எல்லாம் முன்பே எழுதி வைத்தவை அல்ல என்பது உறுதி. பெட்டியைச் செய்தவர் வஞ்சகராக இருந்தாலும் உறுதி. 1964-இல் ஜான் பெல் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த வழி இது. 2025-இல் கொலராடோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர அளவை நிறுவனமும் இவ்வகை எண்களைப் பொதுச் சேவையாகவே வெளியிடத் தொடங்கிவிட்டன. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் உர்பசி சின்ஹா குழுவினர், ஒற்றை ஒளித்துகளை வெவ்வேறு நேரங்களில் அளக்கும் லெகெட்–கார்க் முறையில், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றுபெற்ற 0, 1 இலக்கங்களை (பிட்டுகளை) 2024-இல் காட்டினார்கள். பக்கத்து மாநிலத்திலேயே கைத்திறன் இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்:

1. 2023-இல் ரூ.6,003.65 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தின் கீழ், சான்றுபெற்ற குலுக்கல் எண்களைத் தினமும் இலவசமாக வெளியிடும் பொது நிலையம் அமைக்க வேண்டும். எண்ணோடு அதன் சோதனைத் தரவும் வெளிவர வேண்டும். தரவில்லாத எண் எங்களுக்கு வேண்டாம்.

2. எண் நல்லதாக இருந்தும், வந்த பிறகு குலுக்கலுக்கான பட்டியலை மாற்றி அடுக்கினால் எல்லாம் பாழ். ஆகவே பட்டியலின் வரிசை, தேர்வு விதி, எந்த நாள் எந்த மணிக்கு வரும் எண் பயன்படும் என்ற விவரம் மூன்றையும் குலுக்கலுக்கு முன்பே பூட்டி, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஓர் எண் பிடிக்கவில்லை என்று இன்னொன்றை எடுக்கும் அதிகாரம் எவருக்கும் கூடாது.

3. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு எங்கெல்லாம் கணினிக் குலுக்கல் வருகிறதோ, அங்கெல்லாம் இதே விதி.

4. கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்களும் விட்டுப்போகக் கூடாது. அங்குள்ள வெள்ளிமலையில் இருப்பவர் முடிவைத் தாமே கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும்படி எண்ணும் விதியும் தமிழில் அச்சாகித் தாளில் கிடைக்க வேண்டும்.

5. இக்கோரிக்கைகளுக்கு அரசின் பதில் எழுத்தில் வர வேண்டும். கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

இங்ஙனம்,
எலவனாசூர்கோட்டைப் பொதுமக்கள்