செப்பேட்டில் இட்ட சாட்சி

சோலையாறு அணையில் தேங்கும் வால்பாறை மழைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பங்கு பரம்பிக்குளம் வழியே பொள்ளாச்சிச் சமவெளிக்குப் போய்த் தென்னைக்குப் பாய்கிறது. மறு பங்கு மேற்கே இறங்கி, மளுக்கப்பாறைக் காட்டைக் கடந்து, அதிரப்பள்ளியில் அருவியாக விழுந்து, சாலக்குடி ஆறு என்ற பெயரோடு பெரியாற்றில் கலக்கிறது. கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் அங்கே கோயில், தேவாலயம், பள்ளிவாசல், யூதர்களின் ஜெப ஆலயம் நான்கும் உள்ளன. ஜெப ஆலயத்தின் முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. சாரா என்ற பெண்ணின் நினைவாக 1269இல் எபிரேய எழுத்தில் வெட்டிய கல் அது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் அதுவே மிகப் பழையது என்பார்கள்.

எங்கள் மலையில் விழும் மழை போய்ச் சேரும் ஊர் அது. இஸ்லாத்தை யூதத்தோடும் கிறித்தவத்தோடும் ஒப்பிட்டு எழுத ஒரு வால்பாறை முஸ்லிம் உட்காரும்போது, ஜெருசலேமுக்கு முன்னால் அவன் நினைவுக்கு வரவேண்டிய ஊர் அதுதான் என்று நம்புகிறேன்.

நான் வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், கங்காணி காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த கத்தோலிக்கக் குடும்பம். ரமலான் மாதம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி வாங்கி வருவேன். அதில் ஒரு செம்பு அந்த வீட்டுக்கு. 1993 பிப்ரவரியில் ரமலானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருசந்தி இருந்தார். செம்பை வாங்கிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்:

"ஏம்மா, உங்க வேதத்துலயும் எங்க மாதா உண்டாமே, நெசமா?"

"உண்டுக்கா. அவுங்க பேருலயே ஒரு சூரா இருக்கு. ஓதட்டுமா?"

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மர்யம் சூராவில் கொஞ்சம் ஓதினார். பெரியம்மாவுக்கு அரபு தெரியாது. அம்மாவுக்கும் ஓதத் தெரியுமே தவிர சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாது. ஆனால் ஓதலுக்கு நடுவே 'மர்யம்' என்ற பெயர் வந்தபோதெல்லாம் பெரியம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டார். மூன்று மதங்களையும் ஒப்பிட்டுப் பின்னாளில் நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அந்த வாசற்படிக்கு விளக்கவுரை போலத்தான் எனக்குத் தோன்றியிருக்கின்றன.

அந்தப் பெரியம்மாவின் ஊர்ப்பக்கம் கிறித்தவர்களை 'வேதக்காரங்க' என்பார்கள். ஒருவர் மதம் மாறினால் 'வேதத்துல சேர்ந்துட்டாரு' என்பது பேச்சு. யூதரையும் கிறித்தவரையும் குர்ஆன் 'அஹ்லுல் கிதாப்' என்று அழைக்கிறது. அதைத் தமிழாக்கியவர்கள் எழுதியதும் 'வேதக்காரர்', 'வேதத்தையுடையோர்' என்றுதான். திருநெல்வேலிக் கிராமத்துச் சொல்லும் அரபுச் சொல்லும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வேதம் கையில் உள்ளவர் என்று ஒருவரை அழைத்தாலே, அவரோடு பேச நமக்குப் பொதுவாக ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று.

பொதுவாக இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. தவ்ராத், ஸபூர், இன்ஜீல் ஆகிய வேதங்களும் இறைவன் அருளியவை என்று நம்பாமல் ஒருவர் முஸ்லிமாக இருக்க முடியாது. கிறித்தவர் மோசே என்பவரை நாங்கள் மூஸா என்கிறோம். தாவீது எங்களுக்குத் தாவூத், யோனா யூனுஸ், யோபு அய்யூப். குர்ஆனில் அதிகமுறை பெயர் சொல்லப்படும் நபி முஹம்மது அல்லர், மூஸா. பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்.

யூதத்தோடு இஸ்லாத்துக்கு உள்ள நெருக்கம் ஏகத்துவத்திலும் நெறியிலும் தெரிகிறது. இறைவன் ஒருவன், அவனுக்கு உருவம் இல்லை. ஆண்பிள்ளைக்கு விருத்தசேதனம் உண்டு. பன்றி விலக்கு, அறுக்கும்போது இறைவனை நினைப்பது கட்டாயம். வேதத்திலிருந்து சட்டம் எடுத்துச் சொல்பவர் அங்கே ரப்பி, இங்கே ஆலிம். இருவருமே பாவமன்னிப்பு வழங்கும் குருக்கள் அல்லர், படித்தவர்கள். மதீனாவுக்கு வந்த நபிகளார், மூஸாவின் மக்கள் எகிப்து மன்னன் பிர்அவ்னிடமிருந்து தப்பிய நாளுக்காக யூதர்கள் நோன்பிருப்பதைக் கண்டு, மூஸாவுக்கு நாங்களும் உரியவர்கள் என்று தாமும் நோன்பு வைத்தார். முஹர்ரம் 10ஆம் நாள் ஆஷூரா நோன்பு அப்படி வந்தது. ஹிஜ்ரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 16 மாதங்கள் முஸ்லிம்கள் ஜெருசலேமை நோக்கியே தொழுதார்கள்.

கிறித்தவத்தோடு உள்ள நெருக்கம் வேறு மாதிரி. இயேசு, அதாவது எங்கள் ஈசா நபி, தந்தையின்றிப் பிறந்தார் என்பதையும், மீண்டும் வருவார் என்பதையும் முஸ்லிம் நம்புகிறான். குலம், இனம் கடந்து எல்லா மனிதரையும் அழைக்கும் மார்க்கங்கள் இவை இரண்டும். மக்காவில் துன்பம் தாங்காமல் 615ஆம் ஆண்டுவாக்கில் வெளியேறிய முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தவர் அபிசீனியாவின் கிறித்தவ அரசர் நஜ்ஜாஷி. அவர் அவையில் அந்த முஸ்லிம்களில் ஒருவரான ஜஅஃபர் ஓதிக்காட்டியதும் இதே மர்யம் சூராதான். எங்கள் லைன் வாசற்படியில் நடந்தது 1,300 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வரும் வழக்கம் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு வேறுபாட்டை மழுப்பினால் அது நேர்மையாகாது. ஈசா இறைமகன் என்பதையும், இறைவன் மூவொருவன் என்பதையும், சிலுவையில் அவர் உயிர் நீத்தார் என்பதையும் இஸ்லாம் ஏற்கவில்லை. ஆதமின் பிழையை இறைவன் மன்னித்துவிட்டான், ஆகவே பிறக்கும் குழந்தை பாவத்தைச் சுமந்து வருவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. யூதம் மூஸாவின் நெறியில் நிற்கிறது. ஈசாவையும் முஹம்மதையும் அது நபிகளாக ஏற்கவில்லை. நாங்களோ முஹம்மதை நபிமாரின் முத்திரை என்கிறோம். முந்தைய வேதங்கள் மனிதர் கையில் மாறின என்றும் சொல்கிறோம். மாறியது எழுத்தா, பொருள் கொண்ட விதமா என்பதில் எங்கள் ஆலிம்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. இவை சில்லறை வேறுபாடுகள் அல்ல. உயிரைக் கொடுத்துக் காத்த நம்பிக்கைகள். 'எல்லாம் ஒன்றுதானே' என்று தட்டிக்கொடுப்பது மூவரையுமே சிறுமைப்படுத்தும்.

அப்படியானால், ஒன்றாக முடியாதவர்கள் ஒருவருக்கொருவர் என்னவாக இருக்கலாம்? இதற்கு மேற்குக்கரை ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது, செம்பில்.

849ஆம் ஆண்டு. கொல்லத்தில் சபீர் ஈசோ என்ற கிறித்தவ வணிகர் கட்டிய தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு, வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்குகிறார். சேர மன்னர் தாணு இரவியின் ஆட்சிக்காலம் அது. சாசனம் வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் பிரியாதிருந்த காலத்து மொழியில் வெட்டப்பட்டிருக்கிறது. அதன் கடைசி ஏட்டில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள், மூன்று எழுத்துகளில். சிலர் அரபியின் கூஃபி எழுத்தில், சிலர் பாரசீகத்தின் பஹ்லவியில், சிலர் எபிரேய எழுத்தில். கூஃபியில் உள்ள பெயர்களைப் படித்தால் உடம்பு சிலிர்க்கிறது: மைமூன் இப்னு இப்ராஹீம், மன்சூர் இப்னு ஈசா, இஸ்மாயீல் இப்னு யாகூப். எபிரேய எழுத்தில் ஓர் ஆபிரகாம். ஈசோ கட்டிய கோயிலுக்கு ஈசாவின் மகன் சாட்சி. இப்ராஹீமின் மகனும் ஆபிரகாமும் ஒரே செப்பேட்டில்.

அந்த முஸ்லிம்கள் ஈசாவை இறைமகன் என்று ஏற்றுக்கொண்டு கையெழுத்திடவில்லை. அந்த யூதர்களும் அப்படியே. அவரவர் நம்பிக்கை அவரவரிடம் இருக்க, 'இந்த நிலம் இந்தக் கோயிலுக்கு உரியது, நாளை யாராவது மறுத்தால் நான் சொல்வேன்' என்று மட்டும் பொறுப்பேற்றார்கள். அதே செப்பேடு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் கணங்களிடம் காவல் பொறுப்பைத் தருகிறது. கடல் கடந்து வந்த யூதரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் சேர்ந்திருந்த கூட்டமைப்பு அஞ்சுவண்ணம். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் பாஸ்கர இரவி என்ற சேர மன்னர் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குத் தந்த 72 உரிமைகளிலும் அந்தச் சொல் வருகிறது. தென்கோடித் தமிழ் முஸ்லிம்களின் தெருப்பெயராகவும் அது தங்கியது. தோப்பில் முஹம்மது மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு' நாவலின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

சாட்சி என்ற சொல் மூவருக்கும் உயிரான சொல். முஸ்லிமாக ஒருவரை ஆக்குவது கலிமா ஷஹாதா; ஷஹாதா என்றால் சாட்சியம். உயிர் ஈந்தவரை நாங்கள் ஷஹீத் என்கிறோம், தமிழ்க் கத்தோலிக்கர் வேதசாட்சி என்கிறார்கள். இறைவன் ஒருவனே என்று யூதர் அன்றாடம் சொல்லும் அறிக்கையைத் தோல்சுருளில் எழுதும்போது இரண்டு எழுத்துகளை மட்டும் பெரிதாக எழுதுவார்கள். அவ்விரண்டையும் சேர்த்தால் எபிரேயத்தில் 'சாட்சி' என்று வரும். ஒரு கூட்டத்தார் மேல் உள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று சாட்சியம் சொல்வோரை எச்சரிக்கிறது குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம். கொல்லத்தில் கையெழுத்திட்ட மன்சூரும் இஸ்மாயீலும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

உலகின் பல இடங்களில் இந்த மூன்றில் ஒன்று அரியணையில் இருந்தது, மற்றவை அதன் கீழ் இருந்தன. 1099இல் ஜெருசலேமைப் பிடித்த சிலுவைப் படை முஸ்லிம்களையும் யூதரையும் சேர்த்தே வெட்டியது. 1148இல் கோர்டோபாவைக் கைப்பற்றிய முவஹ்ஹிதுகள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்கள் யூதரை மதம் மாறு அல்லது வெளியேறு என்றார்கள். அப்படி வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் மைமோனிதஸ் பிறகு கெய்ரோவில் முஸ்லிம் அரசவை மருத்துவராகி, அரபு மொழியிலேயே தத்துவம் எழுதி, முஸ்லிம்கள் சிலைவணக்கத்தார் அல்லர், தூய ஏகத்துவத்தார் என்று தீர்ப்பும் தந்தார். 1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களை உஸ்மானியப் பேரரசு ஏற்றுக்கொண்டது. அடைக்கலமும் கொடுமையும் மூவர் கணக்கிலும் உண்டு.

கொல்லத்திலோ மூவரில் யாரிடமும் அரியணை இல்லை. மூவரும் கடல் வழி வந்தவர்கள், வேறொரு வழிபாடு உள்ள மன்னரின் நிழலில் பிழைத்தவர்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் மிளகு வணிகம் ஒரு நாள்கூட நடக்காது. அந்த நிலையில்தான் அவர்களால் ஒருவருக்கொருவர் சாட்சியாக முடிந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. 1498இல் போர்ச்சுகீசியர் வந்தார்கள். மிளகுக்குப் போட்டி மூண்டு, பீரங்கி வணிகத்துக்குள் நுழைந்தது. 1524இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கி, வீடுகளையும் ஜெப ஆலயத்தையும் எரித்தார்கள். இதை எழுதி வைத்தவர் எதிரி அல்லர். பொன்னானியின் பேரறிஞர் ஜைனுத்தீன் மக்தூம், தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் பதிவு செய்திருக்கிறார். போர்ச்சுகீசியரை எதிர்த்துப் போராட அழைப்பதற்கென்றே எழுதிய நூல் அது. அதிலும் அவர் தம் மக்கள் செய்ததை மறைக்கவில்லை. தனக்கு எதிராகவும் உண்மை சொல்வதே சாட்சியம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கொச்சி மன்னரின் காப்பில் யூதர்கள் மட்டாஞ்சேரியில் குடியேறி, 1568இல் பரதேசி ஜெப ஆலயத்தைக் கட்டினார்கள்.

இன்று சேந்தமங்கலத்து ஜெப ஆலயம் அருங்காட்சியகம். அங்கிருந்த யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கூட்டு வணக்கத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் விதி. இப்போது அங்கே ஒருவரும் இல்லை.

இங்கேதான் என் கவலை. எங்கள் மலையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு யூதர் என்றால் கைப்பேசித் திரையில் தெரியும் போர் விமானம் மட்டுமே. காஸாவின் குழந்தைகளுக்காக அவன் அழுவது நியாயம், நானும் அழுகிறேன். ஓர் அரசு செய்யும் கொடுமையை அரசின் கொடுமை என்றே உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் அவன் ஓதும் குர்ஆனில் மூஸாவின் பெயர் நூறு முறைக்கு மேல் வருகிறது என்பதையும், நம் ஆறு முடியும் இடத்தில் யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள் என்பதையும் அவனுக்கு யார் சொல்வது? சொல்ல அங்கே யூதர் இல்லை. ஆகவே நாம்தான் சொல்ல வேண்டும். இல்லாதவருக்காகப் பேச வேண்டிய இடத்தில்தானே சாட்சி தேவைப்படுகிறான்.

வால்பாறை ஜமாஅத்துகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை. மதரஸாப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாள் அந்தச் சாலையில் கூட்டிப்போங்கள். மளுக்கப்பாறை வழியே சாலக்குடிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அதற்கு மேல் கொஞ்ச தூரம். பக்கத்து லைன் கிறித்தவப் பிள்ளைகளும் வரட்டும். சாராவின் கல்லுக்கு முன்னால் நிறுத்தி அந்தப் பெயரை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே 'இப்ராஹீம் நபியோட மனைவி பேரு' என்பார்கள். 'ஆபிரகாமோட மனைவி' என்பார்கள் மற்றவர்கள். அதற்கு மேல் அந்த இடத்தில் எந்த உரையும் தேவையில்லை.