ட்ரிப் சுவிட்சுக்கு டிரெக்ட் கொடுக்காதீர்கள்



அறுகம்பே சீசன் வருகிறது. நம்மூர் இளைஞர்கள் சிலர் பழைய வேன்களைத் திருத்தி, உள்ளே சமையல் மேசை, ஃபிரிட்ஜ், படுக்கப் பலகை எல்லாம் அடித்து, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் பக்கம் போகத் தயாராகிறார்கள். பகலில் கொத்தும் தேத்தண்ணீரும் விற்று, இரவில் அந்த வேனுக்குள்ளேயே தூங்குவார்கள். பலர் எங்களிடம் படித்த பிள்ளைகள். யாரிடமும் கை நீட்டாமல் உழைக்கிறார்கள், அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஒரு விசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன கிழமை மழை பெய்த ஓர் இரவு, அப்படி ஒரு வேனைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. குசினி ஜன்னலால் ஒரு வயர் கோட் இழுத்துக் கரண்ட் எடுத்திருந்தார்கள். "சேர், லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஆனா நாலு பிளக்கும் செத்துட்டு" என்றார் தம்பி. அதற்குள் கடைக்குப் போய்ப் புதுப் பிளக் பொயின்ட் இரண்டு வாங்கி மாட்டியும் பார்த்திருந்தார்கள். காசு போனதுதான் மிச்சம்.

முதல் குழப்பம் அங்கேதான். வேனுக்குள் இரண்டு கரண்ட் இருக்கிறது. லைட்டும் சின்ன ஃபேனும் 12 வோல்ட் பெட்டரியில் ஓடுகின்றன. பிளக் பொயின்ட்டுக்கு வருவது வீட்டிலிருந்து கோட் வழியாக வரும் 230 வோல்ட். ஆகவே லைட் எரிகிறது என்பதற்காக பிளக்கிலும் கரண்ட் இருக்க வேண்டும் என்றில்லை. நாலும் ஒன்றாகச் செத்தால் நாலும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்காது. நாலுக்கும் கரண்ட் கொடுக்கிற இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். வேனுக்குள் இருந்த ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. உடனே பக்கத்தில் நின்ற ஒருவர், "அத விடுங்க சேர், டிரெக்ட் குடுப்போம்" என்றார். ட்ரிப் சுவிட்சைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, வயரோடு வயரை நேராக முறுக்கிவிடுவது. நம்மூரில் இந்தச் சொல்லைக் கேட்காதவர் யார்? இந்தப் பதிவே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது? போகிற வயரில் எவ்வளவு கரண்ட் போகிறது, திரும்புகிற வயரில் எவ்வளவு வருகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். போனதில் கொஞ்சம் திரும்பி வராவிட்டால், அது வேறு எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இரும்பு வழியாக இருக்கலாம், ஈர மண் வழியாக இருக்கலாம், ஒரு மனிதனின் உடம்பு வழியாகவும் இருக்கலாம். வீடுகளில் பூட்டுகிற சாதாரண ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் ஒழுக்குக்குள் கரண்ட்டை வெட்டிவிடும். அது விழுந்தால் அதில் பழுது என்று நாம் முடிவெடுத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்திருக்கும்.

வேனில் இந்த ஆபத்து வீட்டைவிட அதிகம். வேன் நிற்பது ரப்பர் டயரில். கோட்டில் எர்த் வயர் இல்லாமலிருந்து, உள்ளே ஒரு கரண்ட் வயர் பொடியில் பட்டால், வேன் முழுவதும் கரண்ட்டாகிவிடும். உள்ளே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. வெளியே ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கிறவருக்குத்தான் அடிக்கும். அது தேத்தண்ணீர் வாங்க வந்த வாடிக்கையாளராக இருக்கலாம். இரவுச் சாப்பாடு கொண்டுவந்த உம்மாவாகவும் இருக்கலாம். ட்ரிப் சுவிட்சும் டிரெக்ட் என்றால், அந்த நேரம் கரண்ட்டை வெட்ட யாரும் இல்லை.

அன்றிரவு நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிளக்கில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றச் சொன்னோம். ட்ரிப்பைத் தூக்கினோம், நின்றது. ஃபிரிட்ஜை மாட்டினோம், நின்றது. ரைஸ் குக்கரை மாட்டினோம், நின்றது. கெட்டிலை மாட்டி சுவிட்சைப் போட்டதும் விழுந்தது. கெட்டிலின் அடித்தட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அவ்வளவுதான். கெட்டிலை ஒதுக்கியதும் மூன்று பிளக் உயிர் பெற்றன. நாலாவது மட்டும் எழும்பவில்லை. மறுநாள் வயரிங் பாஸ் வந்து மெயினை நிறுத்தித் திறந்து பார்த்தார். ஓட்டத்தின் அதிர்வில் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து வயர் கழன்றிருந்தது. வேனில் இது நடக்கக்கூடியதுதான். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னர் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அந்தக் கோட்டில் நல்ல வேளையாக மூன்று வயர் இருந்தது. நம் வீடுகளில் கிடக்கும் கோட்களில் எத்தனைக்கு மூன்று வயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பிளக் செத்தால் பார்க்க வேண்டிய ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில், கரண்ட் எடுக்கிற வீட்டில் கரண்ட் இருக்கிறதா, அந்த வீட்டு ட்ரிப் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கோட். சுருட்டியபடியே பாவித்தால் சூடேறி உருகும், முழுவதும் விரித்துப் பாவியுங்கள். 13 அம்பியர் சதுரப் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருக்கலாம். போனால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றாதீர்கள். 13 அம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வொட். 2,000 வொட் கெட்டிலும் அதே அளவு அடுப்பும் ஒரே கோட்டில் தாங்காது.

இன்வேட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் பெட்டரியைப் பாருங்கள். 2,000 வொட் கெட்டிலுக்கு 12 வோல்ட் பெட்டரியிலிருந்து 160 அம்பியருக்கு மேல் இழுக்கும். பெட்டரி இறங்கியதும் இன்வேட்டர் தானாக நின்றுவிடும். பிளக்கில் குறை இல்லை.

பிறகு, மேலே சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒன்றுமே மாட்டாமலும் ட்ரிப் விழுந்தால் ஒழுக்கு வயரிங்கில் இருக்கிறது. அதற்கு மேல் கை வைக்காதீர்கள். தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வேன் பொடியைத் தொட்டு இலேசாக உறுத்தினாலும் அப்படியே. முதலில் வீட்டுப் பக்கத்தில் சுவிட்சை நிறுத்தி கோட்டைக் கழற்றுங்கள்.

"ட்ரிப் விழுந்து விழுந்து ஃபிரிட்ஜ் நின்றால் இறைச்சி பழுதாகும், அன்றைய வியாபாரமே போகும், நீங்கள் சம்பளக்காரர், உங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு நாள் இறைச்சி பழுதானால் அந்தப் பிள்ளைக்கு அது சின்ன நட்டமில்லை. ஆனால் அன்றிரவு கெட்டிலைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கால் மணித்தியாலம்கூடச் செல்லவில்லை. டிரெக்ட் கொடுக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இறைச்சியைக் காப்பாற்றக் கெட்டிலைக் கழற்றினால் போதும், ட்ரிப் சுவிட்சைக் கழற்றத் தேவையில்லை.

குற்றத்தைப் பிள்ளைகள் மேல் மட்டும் போடவும் மனம் வரவில்லை. வீட்டு மின்சுற்றை நாங்கள் கரும்பலகையில் அழகாகக் கீறிக் காட்டுகிறோம். பிள்ளை கொப்பியில் கீறி மார்க்ஸ் எடுக்கிறது. ஆனால் ஒரு ட்ரிப் சுவிட்சைக் காட்டி, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்த வைத்திருக்கிறோமா? அதைவிட மோசம், ஸ்டாஃப் ரூமில் இரண்டு முனைச் சார்ஜரை மாட்ட, எர்த் ஓட்டைக்குள் பேனையை விட்டு நெம்புகிறவர்களும் நாங்கள்தான். அந்த ஓட்டை பிள்ளைகளின் விரலையும் ஆணியையும் தடுக்கிற மூடியைத் திறக்கிற இடம். பிள்ளைகள் நாம் கீறுவதைவிட நாம் செய்வதைத்தான் படிக்கிறார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, வேன்கள் கிளம்பும் முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லா வேனையும் கொண்டுவந்து நிறுத்துவோம். தகுதியுள்ள எலக்ட்ரீசியன் ஒருவரை நிர்வாகத்தினர் கூப்பிடட்டும், செலவை நாம் எல்லோரும் பகிர்வோம். கோட், எர்த், ட்ரிப் மூன்றையும் பார்த்துக் கொடுத்தால் போதும். உயர்தர மாணவர்களை நாங்கள் கூட்டிவருகிறோம், அவர்களும் பார்த்துப் பழகட்டும்.

மற்றது, உங்கள் வீட்டிலிருந்து யாருக்காவது கோட்டில் கரண்ட் கொடுக்கிறீர்கள் என்றால், மூன்று வயர் கோட் என்றால் மட்டும் கொடுங்கள். இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

இதை வாசிக்கும் வீட்டுக்காரர்கள் இன்றிரவு உங்கள் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருண்டால் அல்ஹம்துலில்லாஹ், தூக்கிவிட்டுத் தூங்குங்கள். இருளாவிட்டால் நாளைக் காலையே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

தெரிந்தவர்களுக்கு, விசேடமாக வேன் வைத்திருக்கும் தம்பிமாருக்கு, இதை அனுப்பிவிடுங்கள். வஸ்ஸலாம்.