காலத்தின் மீது பழி போடாதீர்கள்

மனிதர் யாவரும் சமம் என்று 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். இது எப்படி என்று கேட்டால், படித்தவர்கள்கூட ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “அவர் அந்தக் காலத்து மனிதர். இன்றைய அளவுகோலை வைத்து அவரை அளக்கக் கூடாது.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் காலத்தின் வரலாறே இதை ஏற்கவில்லை.

உரிமையாளர் விரும்பினால் அடிமையை விடுவிக்கலாம் என்று 1782-லேயே ஜெஃபர்சனின் மாநிலமான வர்ஜீனியாவில் சட்டம் வந்துவிட்டது. அதன்படி 1791-இல் ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணைக்காரர் 450-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கப் பத்திரம் எழுதினார். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் எழுதிய உயிலில், தன் உடைமையாக இருந்த 123 பேரின் விடுதலைக்கு வழிசெய்தார். 1814-இல் எட்வர்ட் கோல்ஸ் என்ற வர்ஜீனியா இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்குமாறு ஜெஃபர்சனுக்கே கடிதம் எழுதினார். எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் செய்யவேண்டிய வேலை என்று பதில் வந்தது. கோல்ஸ் காத்திருக்கவில்லை. 1819-இல் தன் அடிமைகளை இல்லினாய்ஸுக்கு அழைத்துப்போய் விடுதலை செய்தார். அங்கே அவர்களுக்கு நிலமும் கொடுத்தார். இவர்களெல்லாம் எந்தக் காலத்து மனிதர்கள்?

ஜெஃபர்சன் அறியாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. பிரகடனத்தின் வரைவில் அடிமை வணிகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் அவர். அந்தப் பகுதியை அமெரிக்கக் காங்கிரஸ்தான் நீக்கியது. குடியரசுத் தலைவராக 1807-இல் அடிமை இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. அந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், தவறு என்று தெரிந்தேதான் அவர் அதில் வாழ்ந்தார் என்பதற்கும் அதுவே சாட்சி. தன் பண்ணையான மாண்டிசெல்லோவில் அவர் நடத்திய ஆணிப் பட்டறையில் பத்து வயதுச் சிறுவர்களும் வேலை செய்தார்கள். எந்தப் பையன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்று அவரே கணக்கு எழுதிவைத்தார்.

கடன் அவர் கையைக் கட்டிப்போட்டது என்பார்கள். கடன் இருந்தது உண்மை. ஆனால், அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவிக்கும்படி போலந்து வீரர் கோஸ்கியுஸ்கோ தன் அமெரிக்கச் சொத்தை உயிலெழுதி, அந்தப் பொறுப்பை ஜெஃபர்சனிடமே ஒப்படைத்திருந்தார். கோஸ்கியுஸ்கோ இறந்தபின், முதுமையைக் காரணம் காட்டி ஜெஃபர்சன் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

தன் உயிலில் அவர் விடுதலை அளித்தது ஐந்து பேருக்கு மட்டும். அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசஃப் ஃபாசெட். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் அவருடைய மனைவி எடித்தும் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள். குடும்பம் பல கைகளுக்குச் சிதறியது. மகன் பீட்டருக்கு அப்போது பதினொரு வயது.

எடித்தும் பீட்டரும் அந்தக் காலத்து மனிதர்களே. அடிமைத்தனம் கொடுமை என்று அவர்களுக்கு இன்றைய நூல்கள் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலத்தைக் காட்டி ஜெஃபர்சனைக் காப்பாற்றுகிறவர்கள், அந்தக் காலத்தில் வாழ்ந்தோர் கணக்கிலிருந்து இவர்களை நீக்கிவிடுகிறார்கள். அவர் எழுதிய பிரகடனத்தைப் போற்றுங்கள். அவர் செய்ததற்கான பொறுப்பை அவர் பெயரிலேயே எழுதுங்கள்.