திறப்பு பிள்ளையின் கையில்



கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கட்டாயம்.

போன கிழமை பாடசாலை விடுகிற நேரம், நல்ல வெயில். மதிலோரம் நின்ற காரில் இரண்டு வயதுப் பிள்ளை. அழுகையை நிறுத்த வாப்பா திறப்பை அதன் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு மூத்த மகளைக் கூட்டிப்போக கேட்டடிக்கு வந்திருக்கிறார். பிள்ளை ரிமோட்டில் லொக் பட்டனை அமத்திவிட்டது. வேறு திறப்பு இல்லை. ஜப்பானிலிருந்து வந்த கார், வரும்போதே ஒன்றுதானாம். கடைசியில் பின்கதவுக் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை எடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

கூடி நின்றவர்கள் எல்லோரும் அவருக்குச் சொன்ன புத்தி, "இந்த ஓட்டோ லொக்கைக் கழற்றிப் போடுங்க" என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அன்று கதவைப் பூட்டியது ஓட்டோ லொக்கே இல்லை. பல டொயோட்டாக்களில் வேகம் 20 கிலோமீற்றரைத் தாண்டியதும் கதவுகள் தாமாகப் பூட்டும். சந்தியில் நிற்கும்போது வெளியாள் கதவைத் திறக்க முடியாது. அது இருக்கட்டும். இன்னொன்று, ரிமோட்டால் திறந்துவிட்டு கதவைத் தொடாமல் நின்றால் சுமார் 30 செக்கனில் மறுபடி பூட்டிக்கொள்வது. இதைப் பழுதென்று நினைத்து கராஜில் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்! சட்டைப்பையில் பட்டன் தவறி அமந்தாலும் கார் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காக வைத்தது அது. பல மாடல்களில் அந்த நேரத்தைக் கூட்டலாம்.

மாற்ற வேண்டியது வேறு. கியரை பார்க்கில் போட்டதும், அல்லது சாரதியின் கதவைத் திறந்ததும், எல்லாக் கதவும் திறபடுகிற செட்டிங் பல கார்களில் இருக்கிறது. சிலதில் கதவிலுள்ள லொக் சுவிட்சைச் சில செக்கன் அமத்திப் பிடித்தே மாற்றலாம், சிலதுக்கு கராஜ் ஸ்கேனர் வேண்டும். முறை கையேட்டில் இருக்கும். ஜப்பான் மொழி என்று மூடி வைக்காதீர்கள், போன் கமெராவைப் பிடித்தால் மொழிபெயர்க்கிற காலம் இது.

ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று எந்த செட்டிங்கும் உதவியிருக்காது. திறப்பு பிள்ளையின் கையில். வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிசத்தில் வெப்பம் கிட்டத்தட்ட 10 பாகை ஏறும். ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளையின் உடம்பு நம்மைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூடாகும். சீட் கவருக்கும் ஸ்டிக்கருக்கும் செலவழிக்கிற நாங்கள் இரண்டாவது திறப்பு என்றால் மட்டும் கணக்குப் பார்க்கிறோம்.

அந்த வாப்பா நேற்று இரண்டாவது திறப்புக்குச் சொல்லிவிட்டு வந்தார். விலையைக் கேட்டுத் தலையில் கை வைத்தாராம். மதிலோரம் கண்ணாடித் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன, நாளைக்குப் பிள்ளைகள் வருமுன் கூட்ட வேண்டும்.