பச்சை விளக்கு எரியுதா, மச்சான்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அத்தனை தூரமும் பஸ் படிக்கட்டில் தொங்கியபடி எனக்கு ஒரே பிரார்த்தனைதான்: ‘கடவுளே, அக்கா பெண் முன்னால் என் மானத்தைக் காப்பாற்று!’

விஷயம் இதுதான். அவளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங். முன்பென்றால் அப்பாவும் பெண்ணும் அண்ணா யுனிவர்சிடிக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க அன்று சாயங்காலம் 5 மணி கெடு. மதியம் 1 மணிக்கு போன்.

‘‘மாமா, லேப்டாப்ல நெட் வரலை. கடைக்காரர், ‘இது லினக்ஸ்மா, தூக்கிப் போட்டுட்டு விண்டோஸ் ஏத்தினாத்தான் வரும்’கறார்.’’

லேப்டாப் அவள் அண்ணன் ப்ளஸ் டூவில் வாங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு ஆரம்பித்த இலவசத் திட்டத்தில் வந்த வகை. விண்டோஸோடு, சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருக்கும். விண்டோஸ் வைரஸ் கண்டு காலமாகிவிட்டது. வைஃபையும் போய்விட்டது. பையன் அவ்வப்போது புதுப்பித்து வைத்ததால் பாஸ் மட்டும் ஒயர் நெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

‘போனில் கொடுத்திருக்கலாமே’ என்பீர்கள். நானும் கேட்டேன். ‘‘எண்பது காலேஜ் மாமா! விரல் வழுக்கி மூணாவது முப்பதாவதாப் போனா, யார் படிக்கிறது?’’ என்றாள். நியாயம்தானே.

நான் பி.காம். ஆனால் கறுப்புத் திரையில் நாலு கமாண்ட் அடிப்பேன் என்பதால் சொந்தக்காரர்கள் மத்தியில் விஞ்ஞானி. போனதும் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

‘பிங்’ அடித்தேன். நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்றது. டி.என்.எஸ். முகவரியை மாற்றினேன். ஊஹூம். நெட்வொர்க் சர்வீஸை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். ஊஹூம். பாஸையே ரீஸ்டார்ட் செய்தேன். பேரே பாஸ், நான் சொல்லியா கேட்கும்? அக்கா இரண்டாவது தடவை காபி கொண்டுவந்தாள். மணி மூன்றே முக்கால். அக்கா பெண் நகம் கடிக்க ஆரம்பித்தாள்.

பட்டறையிலிருந்து மாமா வந்தார். அக்கா வீட்டுக்காரர், கல் சிற்பி. கை காலெல்லாம் கல் தூசி. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

‘‘மச்சான், நாங்க கல்லை முதல்ல தட்டிப் பார்ப்போம். கணீர்னு சத்தம் வந்தாத்தான் உளி வைப்போம். நீ தட்டிப் பார்த்தியா?’’

சுருக்கென்றது. கடைசியில் அடித்திருக்க வேண்டியதில்லை, முதலில் அடித்திருக்க வேண்டிய கமாண்டை அப்போதுதான் அடித்தேன்: ‘ஐபி லிங்க்’. பதில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘நோ-கேரியர்’. அதாவது, ‘அப்பனே, ஒயரின் மறுமுனையில் யாரும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.’ முகவரி கிகவரி எல்லாம் அப்புறம். தபால்காரர் வர ரோடே இல்லை, நான் வீட்டுக் கதவு நம்பரை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

லேப்டாப்பில் ஒயர் நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு உண்டு. குனிந்து பார்த்தேன். எரியவில்லை. ஆனால் அதே வீட்டில் போனில் வைஃபை ஜோராக ஓடுகிறது. ஆக, ரௌட்டர் வரைக்கும் நெட் உயிரோடு இருக்கிறது. நடுவில்தான் கோளாறு. ரௌட்டர் பெட்டியோடு வந்த குட்டி ஒயர் பரணில் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரௌட்டர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அதைச் செருகினோம்.

பளிச்! பச்சை.

மணி 4.10. அக்கா பெண் எண்பது கல்லூரிகளையும் ஏற்றி, இரண்டு தடவை சரிபார்த்து, 4.40-க்கு அனுப்பினாள். அப்புறம்தான் அந்த வீட்டில் ஃபேன் சத்தமே கேட்டது.

பழைய நீள ஒயரைப் பிறகு ஆராய்ந்தேன். கடல் பார்த்த ஜன்னல் வழியாக வந்த ஒயர். பிளக்கின் உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயில் சிற்பங்களையே 1,300 வருஷமாகத் தேய்க்கிற உப்புக் காற்று. ஒரு பிளக் எம்மாத்திரம்?

மறுநாள் கேபிள் பையன் ஒருத்தன் அரை அடி வெட்டி, எட்டு இழையையும் வரிசையாக அடுக்கினான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. புதுப் பிளக்கில் செருகி ஒரே நசுக்கு. லினக்ஸ் அப்படியே இருக்கிறது. அதன்மேல் தப்பே இல்லை.

காலேஜில் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் அடித்துக்கொள்வார்: ‘ட்ரையல் பாலன்ஸ் இடித்தால் முதலில் கூட்டலைப் பாருடா. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் ஏதோ ஒரு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். அதையெல்லாம் பார்க்காமல் கேஷியரைத் திருடன் என்காதே!’ பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் கேஷியரைத்தான் முதலில் பிடிக்கிறேன்.

கிளம்பும்போது மாமா பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார்.

‘‘ஏன் மச்சான், செங்கல்பட்டுலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி, ‘விளக்கு எரியுதா பாரு’ன்னு போன்லயே கேட்டிருக்கலாமில்ல?’’

கேட்டிருக்கலாம்தான். ஆனால் விஞ்ஞானிக்கு இரண்டு காபி எப்படி ஸார் கிடைக்கும்?