ஏசி வாங்கியாயிற்று, வயர் தாங்குமா?

கத்திரி வெயில் இரவுகளில் எலக்ட்ரீஷியன்களுக்கு ஓயாமல் வரும் புகார் ஒன்று உண்டு: "ஏசி போட்டா கொஞ்ச நேரத்துல டிரிப் ஆயிடுது." வந்து பார்ப்பவர் அவசரக்காரராக இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டிவிடுவார். பிறகு டிரிப் ஆவதில்லை. வீட்டார் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து சுவருக்குள் ஓடும் வயருக்குக் காவல் இல்லை.

எம்சிபி எதற்காக இருக்கிறது என்பதைப் பலர் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். அது ஏசியைக் காப்பாற்ற வைத்த பொருள் அன்று. வயரைக் காப்பாற்ற வைத்தது. வீடுகளில் பவர் பிளக்குகளுக்குப் பொதுவாக இழுக்கப்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், பைப்புக்குள் ஓடும்போது சுமார் 20 ஆம்பியரைத் தாங்கும். அதற்குமேல் போனால் சூடேறும். அந்தச் சூடும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகிறது. வயரைச் சுற்றியுள்ள பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும்படி செய்யப்படுகிறது. அதைத் தாண்டித் தினமும் சில மணி நேரம் வெந்துகொண்டிருந்தால், உறை இறுகி, வெடித்து, உதிர ஆரம்பிக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டு மூன்று கோடைகள் எதுவும் தெரியாமல் கழிந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

எம்சிபிக்கான தர விதியே இதைத் தெளிவாக்குகிறது. தன் அளவைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது, 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 36 ஆம்பியர் போனாலும் அது ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். 46 ஆம்பியரில்கூட விழுவதற்கு அதற்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. 20 ஆம்பியர் வயர் அத்தனை நேரமும் வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகச் சாதாரண வயரிலிருந்து உருவிய தாமிர இழைகளை முறுக்கிப் போடுவதும் இதே குற்றம்தான்.

கோடை இதை இன்னும் மோசமாக்குகிறது. வெளியே 40 டிகிரி இருக்கும்போது, நாள் முழுக்க வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளத்துக்குள் ஓடும் வயர் ஏற்கெனவே சூடாகவே இருக்கிறது. தன் வெப்பத்தை வெளியே தள்ள அதற்கு வழி குறைவு. ஆகவே தாங்கும் திறனும் குறைகிறது. எம்சிபியும் வழக்கமாக 30 டிகிரி சூழலுக்கு அளவிடப்பட்டது என்பதால் வெயில் காலத்தில் சற்று முன்னதாகவே விழும். அதைப் பழுது என்று நினைப்பது தவறு. எப்போது எச்சரிக்க வேண்டுமோ அப்போது அது எச்சரிக்கிறது.

தமிழகத்தின் உச்ச மின் தேவை 2023 ஏப்ரலில் 19,387 மெகாவாட். அடுத்த ஆண்டு மே 2 அன்று அது 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே 2024 மே 30 அன்று நாட்டின் மொத்தத் தேவை 250 கிகாவாட் ஆனது. அதே நாளில் நொய்டாவின் 100-வது செக்டாரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏசி வெடித்துத் தீப்பிடித்த காட்சிகள் நாடெங்கும் பரவின. ஒவ்வொரு கோடையிலும் மின் உற்பத்தி போதுமா, டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று சட்டமன்றம் முதல் டீக்கடை வரை பேசுகிறோம். மீட்டருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள், என்ன நடக்கிறது என்பதைப் பேசுவோர் குறைவு.

ஒரு சாதாரண நடுத்தர வீட்டின் மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஏசி இரண்டு ஓடினால் 3,200 வாட். இன்டக்‌ஷன் அடுப்பு 1,800. அயர்ன் பாக்ஸ் 1,000. அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் சுமார் 600. ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 600. மொத்தம் 7,200 வாட். 230 வோல்ட்டில் 31 ஆம்பியருக்கு மேல். 4 கிலோவாட் பளுவுக்கு அனுமதி வாங்கி, இருபது ஆண்டுகளுக்கு முன் டியூப்லைட், ஃபேன், டிவியை மட்டும் மனத்தில் வைத்து வயரிங் செய்த வீடு என்றால் இதன் பாதியையே அது தாங்கும்.

மின் கட்டண ரசீது இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் என்பதுதான் அதில் இருக்கும். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுத்தோம் என்பது இருக்காது. முதல் 100 யூனிட் இலவசம் போக வரும் தொகை கட்டுப்படியாகிறது என்றால், பளுவும் அளவோடுதான் இருக்கிறது என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சில மின்னணு மீட்டர்களில் உச்சப் பளுவைக் காட்டும் எண்ணும் திரையில் வந்து போகும். ரீடிங் எடுக்க வருபவரிடம் அதை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லோ வோல்டேஜ் இன்னொரு சிக்கல். 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுக்கும் ஏசி, 170 வோல்ட்டாக இறங்கும்போது அதே வேலைக்கு ஏறத்தாழ ஒன்பதரை ஆம்பியர் எடுக்கிறது. ஸ்டெபிலைசர் ஏசியைக் காப்பாற்றும். ஆனால் கூடுதல் மின்னோட்டம் முழுக்க அதன் பின்னால் உள்ள வயரில்தான் ஓடுகிறது. மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில் "பேஸ் மாத்திப் போடு" என்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரு பேஸில் வோல்டேஜ் குறைந்தால் சுவிட்சைத் திருப்பி, எல்லாவற்றையும் நன்றாக இருக்கும் பேஸுக்குத் தள்ளிவிடுகிறோம். மூன்று வயர்கள் பகிர வேண்டிய பளு ஒரே வயரில் விழுகிறது. தெருவே அதைச் செய்யும்போது நன்றாக இருந்த பேஸும் படுத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் அதன் ஃபியூஸ் போய், நள்ளிரவில் லைன்மேன் கம்பம் ஏற நேர்கிறது.

ஜங்ஷன் பாக்ஸ் விஷயத்தில் சமரசமே கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாக்ஸ்களின் வயர் மெலிந்தது. செல்போன் சார்ஜருக்கும் டிவிக்கும் போதுமானது. அதில் ஏசியையோ இன்டக்‌ஷன் அடுப்பையோ செருகுவது கண்ணுக்கு முன்னால் அடுப்பு மூட்டுவதற்குச் சமம். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறியிருக்கிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது, மோட்டார் போட்டால் விளக்கு மங்குகிறது என்றால் இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அந்த இடத்தை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு திருகு தளர்ந்திருக்கும். இறுக்கினால் சரியாகிவிடும் வேலை அது. விட்டுவைத்தால் அந்த இணைப்புதான் முதலில் கருகும்.

ஆர்சிசிபி இருக்கிறதே, பயமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து, ஷாக் அடித்து உயிர் போவதைத் தடுக்கும் அருமையான கருவி அது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது. ஆனால் அதிகப் பளுவை அது கண்டுகொள்ளாது. அதற்குச் சரியான அளவுள்ள எம்சிபியே வேண்டும்.

ஏசிக்கு டிஸ்டிரிபியூஷன் பாக்ஸிலிருந்தே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி, உருப்படியான எர்த். இதற்கு ஆகும் செலவு ஏசி விலையில் ஒரு சிறு பங்குதான். வீட்டின் மொத்தப் பளு கூடுகிறது என்றால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மற்றபடி பழக்கம்தான்: மோட்டாரையும் அயர்ன் பாக்ஸையும் வாஷிங் மெஷினையும் ஏசி ஓடாத காலை வேளைக்கு மாற்றலாம். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். 26 டிகிரியில் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலோருக்கு அதுவே சுகமான தூக்கம்.

இவ்வளவும் சொந்த வீட்டுக்காரருக்குப் பொருந்தும். சென்னையிலும் கோவையிலும் லட்சக்கணக்கானோர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஏசி வாடகைதாரருடையது, வயர் வீட்டு உரிமையாளருடையது. "நீங்க போட்டுக்கிற ஏசிக்கு நான் ஏன் செலவு பண்ணணும்" என்பார் இவர். "காலி பண்ணும்போது வயரைப் பிடுங்கிட்டா போக முடியும்" என்பார் அவர். நடுவில் பழைய வயரிலேயே ஏசி ஓடும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. அதன் அட்டவணைப்படி வீட்டின் உள், வெளி வயரிங் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது வாடகைதாரரின் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் எந்த அறையில் எத்தனை ஆம்பியர் லைன் இருக்கிறது, ஏசி போடலாமா என்று ஒரு வரி சேர்க்க எழுத்தர்களும் பதிவுத் துறையும் பழக்க வேண்டும்.

விற்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏசி வீட்டுக்கு வருகிறது. மெக்கானிக் சுவரில் துளை போட்டு, அவுட்டோரை மாட்டி, இருக்கிற பிளக்கில் செருகி, குளிர்காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அந்த லைனின் வயர் என்ன அளவு, எம்சிபி எத்தனை ஆம்பியர் என்று பார்த்து எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதைப் பொருத்துதல் வேலையின் பகுதியாகவே அரசு கட்டாயமாக்க வேண்டும். லைன் போதாது என்றால் ஏசியை இயக்கிக் காட்டக் கூடாது. மின்வாரியமும் தை, மாசி மாதங்களிலேயே பகுதிவாரியாக முகாம் நடத்தி, கூடுதல் பளு விண்ணப்பங்களை அபராத பயம் இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். எந்தத் தெருவில் எத்தனை ஏசி ஏறியிருக்கிறது என்ற உண்மைக் கணக்கு கையில் இருந்தால், சித்திரையில் எந்த டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட முடியும்.