அருவியும் மாத்திரையும்

குற்றால அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்பது பழைய நம்பிக்கை. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள சக்கரக் குழியில் மனம் பேதலித்தவர்களை உட்கார வைப்பார்கள்.

மூடத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் திண்டுக்கல் அருகே முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்தபோது, மாத்திரையின்றியே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது, சிறிய ஆய்வுதான்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்த 28 பேர் தீயில் கருகினார்கள். பிறகு அந்த தர்காவில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்க அரசு வழிசெய்தது.

அதேபோல் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தென்காசி மாவட்ட மனநலத் திட்டத்தாரும் ஒரு மேசை போட்டு உட்காரலாமே!